பூசணிக்காயில் ஆணி அடித்த வகுப்பு

பிள்ளைகளுக்கு நெதெல்கா டீச்சர் மண்ணைத் தின்னக் கொடுத்தாள் என்றார்களே, அதில் ஒரு சொல்கூட உண்மை கிடையாது. மண்ணை அவள் கையில்தான் கொடுத்தாள். வாயில் போட்டுக்கொண்டது பிள்ளைகள். அதுவும் இரண்டே பேர், ஒரே தடவை. ருசி பிடிக்காமல் துப்பிவிட்டார்கள், அத்தோடு அந்தப் பாடம் முடிந்தது. எந்தப் புத்தகம் இத்தனை சீக்கிரம் சொல்லிக்கொடுக்கும்?

இன்னொரு பேச்சும் உண்டு. மூன்று மாதமாகப் பள்ளிக்குப் போகிறான், என் பேரனுக்கு ஓர் எழுத்துகூட எழுத வரவில்லை என்று ட்சோனா ரொட்டிக்கடை வரிசையில் நின்று எல்லாரிடமும் சொன்னாள். நான்கு வயதுப் பையன் என்னத்தை எழுத வேண்டும்? நகராட்சிக்கு மனு எழுத வேண்டுமா?

ட்சோனாவுக்கு நெதெல்காமேல் என்ன கோபம் என்று கீழ்த்தெருவுக்கே தெரியும். மழலையர் பள்ளியில் பிள்ளைகள் தயிர் தோய்த்தார்கள். பாலை இளஞ்சூடாக்கி, ஒரு கரண்டி பழைய தயிர் விட்டு, ஆளுக்கொரு சுற்றுக் கலக்கி, பானையைப் பழைய கம்பளிக் கோட்டில் சுற்றி, பொத்தானையும் போட்டு மூலையில் படுக்க வைத்தார்கள். "தயிர் தூங்குது, சத்தம் போட்டா முழிச்சுக்கும், அப்புறம் உறையாது" என்றாள் நெதெல்கா. அன்று முழுக்கப் பதினாறு பிள்ளைகளும் நுனிக்காலில் நடந்தார்கள். ட்சோனாவின் பேரன் மெத்தோதி அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டு போய்விட்டான். "பாட்டி, மெதுவா பேசு, தயிர் முழிச்சுக்கும்!" அறுபத்தெட்டு வருஷத்தில் ட்சோனாவை யாரும் மெதுவாகப் பேசச் சொன்னதில்லை. அந்தக் கோபம்தான்.

நெதெல்கா வெளியூர்க்காரி அல்ல. இங்கேயே ஆற்றங்கரைப் பின்னலாடை ஆலையில் பொத்தான் பிரிவில் வேலை பார்த்தவள். ஆலையை மூடியபோது அவளோடு வேலை செய்த பெண்கள் ஸ்பெயினுக்குத் தக்காளி பறிக்கப் போனார்கள். இவள் போகவில்லை. மிச்சம் கிடந்த பொத்தான் மூட்டையைக் கேட்டு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பிறகு, தன் பாதி வயதுப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஆசிரியை படிப்புப் படித்தாள். படித்து முடித்து வந்ததும் முதல் காரியமாக அந்த மூட்டையைக் கடைக்குட்டி வகுப்பின் நடுவில் கவிழ்த்துக் கொட்டினாள். பிள்ளைகள் குதித்தார்கள். அடுத்த ஒரு வாரம் அந்த வகுப்பில் வேறு வேலையே நடக்கவில்லை. நான்கு துளை ஒரு பக்கம், இரண்டு துளை ஒரு பக்கம், நீலம் தனி, உடைந்தது தனி. உடைந்ததை எங்கே வைப்பது என்று ஒரு பெரிய சண்டை. கடைசியில் உடைந்த பொத்தான்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்டினார்கள்.

இப்படியே போயிருக்கும். அக்டோபரில் பூசணிக்காய் வந்தது, கூடவே டோப்ரியும் வந்தான்.

டோப்ரி ஊர்ப் பேருந்தின் ஓட்டுநர். கொழுத்த மனுஷன், தலையில் ஒரு முடி கிடையாது. நல்லவன்தான், ஆனால் மகள் ரலித்சா விஷயத்தில் மட்டும் பைத்தியம். அதற்கும் ஒரு காரணம் உண்டு. குழந்தை முதலடி வைத்ததும் எல்லா வீட்டிலும் செய்வதுபோல் அவனும் முதலடி ரொட்டி சுட்டான். உருண்டை ரொட்டியைத் தரையில் உருட்டிவிட்டார்கள், குழந்தை அதன் பின்னால் தத்தித் தத்திப் போனது. கடைசியில் குட்டி மேசையில் கத்தரிக்கோல், கரண்டி, சீப்பு, பேனா எல்லாம் பரப்பியிருந்தது. எதை எடுக்கிறதோ அதுதான் அதன் பிழைப்பு. ரலித்சா நேராகப் போய்ப் பேனாவை எடுத்தாள். அன்றிலிருந்து டோப்ரி பேருந்தில் ஏறுகிறவர்களிடமெல்லாம் என் பொண்ணு நீதிபதி என்று சொல்லிக்கொண்டிருந்தான். நீதிபதிக்கு அப்போது பல்லே ஐந்துதான்.

அந்த நீதிபதி, அக்டோபர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், அப்பா கூப்பிட வந்தபோது தரையில் மண்டியிட்டுக் கையில் சுத்தியலோடு பூசணிக்காயில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்! இது என்ன வேலை?"

"ஆணி அடிக்கிறா, டோப்ரி அண்ணே. பூசணிக்காய் பாருங்க, உள்ள மெத்துனு இருக்கும், ஆணி சாயாம நிக்கும். சின்னக் கைக்கு இதவிட நல்ல பலகை கெடைக்காது."

"என் பொண்ணு பேனா எடுத்தவ! அவ கையில சுத்தியலக் குடுத்தது யாரு?"

"நான் குடுக்கலியே. எல்லாம் பரப்பி வச்சேன், அவளா எடுத்துக்கிட்டா."

"மொதல்ல எடுத்ததுதான் கணக்கு."

"அப்ப அவளுக்கு ஒரு வயசு, அண்ணே. நான் அந்த வயசுல மேசைப் பக்கமே போகல. ரொட்டிய நிறுத்திக் கடிச்சுட்டேன். எங்கம்மா மூணு நாள் அழுதாங்க."

"சிரிக்காதீங்க டீச்சர்! நீதிபதி நசுங்குன வெரலோட தீர்ப்பு எழுதுவாளா?"

"அப்பா, தள்ளு, நெழல் விழுது" என்றாள் ரலித்சா, தலையைத் தூக்காமலே.

அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. மறுநாள் பேருந்து நின்ற இடமெல்லாம் இதே பேச்சு. ட்சோனா தன் பங்கைச் சேர்த்தாள். மாலைக்குள் ஆணி கோடரியாகிவிட்டது, மண் சேறாகிவிட்டது. தலைமையாசிரியை வெனெதா அம்மா நெதெல்காவை அறைக்குக் கூப்பிட்டார்.

"வியாழக்கிழமை பெத்தவங்க கூட்டம். அவங்க கேட்டா மாடியிலேர்ந்து எழுதுற மேசை நாற்காலியெல்லாம் இறக்கிருவேன், எழுத்து அட்டை வாங்கிருவேன். நீ சரக்கு அறைச் சாவியப் பாத்துக்க. சம்பளம் அதேதான்."

"பிள்ளைங்க?"

"பிள்ளைங்களுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

நெதெல்கா அன்று வீட்டுக்கு நடந்து போனபோது கடைத்தெருவில் யாருக்கும் தலையசைக்கவில்லை. சாவிக்கொத்தோடு அடுக்கு அடுக்காகச் சோப்பையும் துடைப்பத்தையும் பார்த்துக்கொண்டு வயதாவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கூட்டத்தில் என்ன பேசுவது என்று யோசித்தாள். பேச்சு அவளுக்கு வராது. ஆலைச் சத்தத்தில் பத்து வருஷம் இருந்தவளுக்குக் கைதான் பேசும். வியாழக்கிழமை காலை ஒரு மூட்டை மாவோடு வகுப்புக்குப் போனாள்.

"சாயங்காலம் உங்க அம்மா அப்பால்லாம் வராங்க. அவங்களுக்கு என்ன செய்யலாம்?"

கேக் என்றது ஒன்று. பொத்தான் சூப் என்றது இன்னொன்று. மெத்தோதிதான் கேட்டான், "அவங்களுக்கு முதலடி ரொட்டி சுட்டாங்களா?"

"சுட்டிருப்பாங்க, ரொம்ப நாளாச்சு."

"மறந்திருப்பாங்க, அக்கா. இன்னொண்ணு சுடலாம்."

சுட்டார்கள். பிசைந்ததில் பாதி மாவு முடியில், பாதி தரையில். மிச்சம் வந்ததோ வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு ரொட்டி. ஒரு பக்கம் கொஞ்சம் கோணல், அது உருளும்போது நொண்டியது.

சாயங்காலம் பெற்றவர்கள் வந்து பொம்மை நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள், முழங்கால் மோவாயில் இடிக்க. மகளுக்குப் பதிலாக ட்சோனா வந்திருந்தாள். வெனெதா அம்மா தொண்டையைக் கனைத்து, "மேசை விஷயமா..." என்று ஆரம்பிப்பதற்குள் ரலித்சா ரொட்டியை உருட்டிவிட்டாள். அது நொண்டி நொண்டிப் போய்ச் சுவரில் முட்டி விழுந்தது. அங்கே பாய் விரித்து எல்லாம் பரப்பியிருந்தது. தராசும் அவரையும், சல்லடையும் மணலும், ஒரு கிண்ணம் மாவு, களிமண், சுத்தியல், ஒரு புதுப் பூசணிக்காய். நடுவில் ஒரு பேனாவும் இருந்தது. அதை வைத்தது நெதெல்காவேதான்.

"போப்பா. போய் ஒண்ணு எடு" என்றாள் ரலித்சா.

"நான் எதுக்கு? எனக்கெல்லாம் எப்பவோ சுட்டாச்சு" என்றான் டோப்ரி.

அப்போது ட்சோனாவால் வாயை அடக்க முடியவில்லை. அவளால் எப்போது முடிந்தது?

"சுட்டாங்கதான். பக்கத்து வீட்டுல நான்தானே மாவு பிசைஞ்சேன்! நீ எடுத்தது என்னன்னு சொல்லட்டுமாடா?"

"ட்சோனா அக்கா, வேணாம்."

"சீப்பு! சீப்பு எடுத்தான்! முடி திருத்துறவனா வருவான்னு உங்கம்மா கத்திரி வாங்கி வச்சா. இப்ப அந்தத் தலையப் பாருங்க, சீப்புக்கு அதுல என்ன வேலை?"

சிரிப்பில் ஒரு நாற்காலி உடைந்தது. டோப்ரிக்கு மண்டை வரை சிவந்துபோனது. பிறகு அவனுக்கே அடக்க முடியாமல் வயிறு குலுங்கியது. ரலித்சா அவன் விரலைப் பிடித்து இழுத்தாள், அவன் எழுந்து போய்ச் சுத்தியலை எடுத்தான். அவன் போனதும் மற்றவர்களும் போனார்கள். தரையில் மண்டியிட்டுக் கால் வலித்தாலும் சிறு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைவிட அது மேல்.

"ஆணியப் பாருப்பா, சுத்தியலப் பாக்காத."

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"நீ என்னைப் பாக்கற. அதான் வளையுது."

மூன்றாவது ஆணி நேராக இறங்கியது. பேருந்தைப் பதினைந்து வருஷம் ஓட்டியவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை யாரும் பார்த்ததில்லை. "இன்னொண்ணு குடு" என்று கை நீட்டினான். ட்சோனா மண்டியிட்டு அவரையை எடை போட்டாள். பேரன் தராசு சாய்கிறது என்றான், அவள் சாயவில்லை என்றாள். கடையில் அரைக் கிலோவை இத்தனை கண்டிப்பாக அவள் பார்த்திருந்தால் கடைக்காரர் கதி என்ன ஆகியிருக்கும்!

வெனெதா அம்மா கைதட்டினார். "போதும்! மேசை வேணுங்கறவங்க கையத் தூக்குங்க."

யார் தூக்குவது? கையெல்லாம் மணிக்கட்டு வரை மாவு. ஒருத்தி களிமண்ணை விட்டால் பானை சரிந்துவிடும். டோப்ரியின் ஒரு கையில் சுத்தியல், இன்னொரு கை ஆணியைப் பிடித்திருந்தது.

"டோப்ரி, நீங்கதானே புகார் சொன்னீங்க?"

"கை காலியா இல்லீங்கம்மா. இந்த ஆணி முடியட்டும்."

அந்த ஆணி முடியவில்லை, அடுத்ததும் முடியவில்லை. வெனெதா அம்மா கெட்டவரில்லை, கூரை ஒழுகினாலும் நகராட்சிக்குப் பதில் சொல்கிறவர் அவர். ஆனால் தோற்றுப் பழக்கமில்லாதவர். தரையில் மணலையும் மாவையும் பார்த்து, "சரி, பிள்ளைங்க உன்கிட்டயே இருக்கட்டும். ஆனா இந்தக் கூத்து இனிமே என் கூரைக்குக் கீழ நடக்கக் கூடாது!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"சரிங்கம்மா" என்றாள் நெதெல்கா.

மறுநாள் காலை வெயில் நன்றாக இருந்தது. நெதெல்கா பள்ளிக் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாள். முடிச்சுப் போட்ட நீளக் கயிற்றின் ஒரு நுனி அவள் கையில், ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு பிள்ளை. ரலித்சா சுத்தியலைப் பையில் வைத்திருந்தாள், பை கனத்து ஒரு பக்கம் இழுத்தது. டோப்ரி பேருந்தை நடுச்சாலையில் குறுக்கே நிறுத்திவிட்டான். உள்ளே இருந்தவர்கள் வேலைக்கு நேரமாகிறது என்று கத்தினார்கள்.

"பிள்ளைங்க தாண்டற வரைக்கும் வண்டி நகராது. அவசரம்னா எறங்கி நடங்க!"

ட்சோனா ஜன்னலைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.

"ஏண்டி நெதெல்கா, கூரை இல்லாம எங்கடி கூட்டிட்டுப் போற?"

"ஆத்துக்கு, அக்கா. அணை கட்டப் போறோம்."

"மெத்தோதிக்குக் காலுறை நனஞ்சா என்கிட்ட வராதே!"

"நனையும், அக்கா. இன்னொரு ஜோடி எடுத்துக்கிட்டு நீங்களும் வாங்க" என்று சொல்லிக்கொண்டே நெதெல்கா கயிற்றை ஒரு சுண்டு சுண்டி, வாசற்படி தாண்டி வெளியே நடந்தாள்.