விரல் வைக்காத இடம்

எங்கள் கடலோர ஊரான காரங்காட்டில் கரண்டு போனால், படுத்த படுக்கையாகக் கிடக்கும் என் அய்யாவுக்குக் காற்றில்லை. அதற்காகவே ஒரு இன்வெர்ட்டரை நானே செய்தேன். ஃபேனைப் போட்ட கொஞ்ச நேரத்தில் அதன் டிரான்சிஸ்டர்கள் கொதித்தன. சூட்டை வாங்க நான் மாட்டியிருந்த பழைய அலுமினியத் தகட்டில் கடற்காற்றின் உப்பு பூத்து, ஸ்க்ரூக்கள் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தன. உப்பைச் சுரண்டி, ஸ்க்ரூ மாற்றி, டிரான்சிஸ்டரில் மறுபடி மறுபடி விரல் வைத்துப் பார்த்தபடி இரண்டு நாள் அய்யா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒருவழியாகச் சூடு அடங்கி ஃபேன் சுற்றியது.

"ஏலே, குளுருது. நிப்பாட்டு" என்றார் அய்யா.

"இதுக்கா இந்தப் பாடு பட்டேன்?" என்று எரிந்து விழுந்தேன்.

தாய்வீட்டிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த என் மனைவி, அவர் நெற்றியைத் தொட்டுவிட்டுத் திடுக்கிட்டாள். "மாமாவுக்கு அனலாக் கொதிக்குது. தொட்டுக்கூடப் பாக்கலியா நீங்க?"

ஆஸ்பத்திரியில், "எப்ப இருந்து காய்ச்சல்?" என்று டாக்டர் கேட்டார். டிரான்சிஸ்டர் எத்தனை நிமிடத்தில் சூடேறும் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.