வண்டிக் குதிரையின் குட்டி

எழுபதுகளில் கிருமாம்பாக்கத்துப் பண்ணையார் ஒருவரிடம் குதிரை பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். சென்னையில் பந்தயம் ஓடிய பெண்குதிரை ஒன்றை அவர் வாங்கி வைத்திருந்தார். ஒருநாள் என் மச்சானின் ஜட்கா குதிரை குடித்த தொட்டியிலேயே அதற்கும் தண்ணீர் காட்டிவிட்டேன்.

"வண்டிக் குதிர எச்சில என் குதிரைக்கு வக்கிறியாடா?" என்று சாட்டையால் என் முதுகில் விளாசினார்.

அன்றே கறுவிக்கொண்டேன். பெண்குதிரைக்குப் பருவம் வந்ததும், பாண்டியில் இருந்த பந்தய ஆண்குதிரையோடு சேர்த்துவரச் சொல்லி அனுப்பினார். நான் வழியில் மச்சான் இருந்த தவளக்குப்பத்திலேயே நிறுத்தி, மச்சானின் குதிரையோடு சேர்த்துவிட்டுத் திரும்பினேன்.

பிறக்கும் குட்டி ஓடத் தெரியாமல் நிற்கும், ஊரே அவரைப் பார்த்துச் சிரிக்கும் என்று மூன்று வருடம் காத்திருந்தேன். அந்தக் குட்டியை வீராம்பட்டினம் கடற்கரையில் ஓடவிட்டபோது, கூட ஓடிய இரண்டு பந்தயக் குதிரைகளையும் அது பின்னால் தள்ளியது.

"பாத்தியாடா, ரத்தம்டா!" என்று பூரித்தார் பண்ணையார்.

எனக்கு வயிறு எரிந்தது. எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தேன். "இன்னா ரத்தம் மொதலாளி? அது என் மச்சான் ஜட்கா குதிரைக்குப் பொறந்தது."

அவர் முகம் செத்துப்போனது. ஆசை தீரச் சிரித்தேன். வேலை போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

குட்டியின் ஓட்டத்தைக் கண்ணால் பார்த்த அதே மனிதர், மறுவாரமே அதைச் செங்கல் சூளைக்காரனிடம் தள்ளிவிட்டார்.

பிறகொருநாள் தவளக்குப்பம் சாலையில் அதைப் பார்த்தேன். கடலூர் பஸ் ஒன்று கடந்ததும், செங்கல் பாரத்தோடு பஸ்ஸை முந்தப் பாய்ந்தது. வண்டிக்காரன் அதன் முதுகில் சாட்டையை இறக்கினான்.

பண்ணையார் மேல் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆனால் அவரை அடிப்பதாக நினைத்து நான் அடித்தது அதைத்தான்.