விமானத்துக்கு வைத்த முதல் பொட்டு

உத்திரமேரூர் பக்கம் எங்கள் நிலத்திலேயே நானும் அக்காவும் இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்று கட்டினோம். உயரம் காட்டும் முள் வேலை செய்ய, வெளிக்காற்றின் அழுத்தம் அதற்கு எட்ட வேண்டும். அதற்காக விமானத்தின் விலாவில் ஓர் ஊசித்துளை. அந்தத் துளை எங்களைப் பாடாய்ப் படுத்தியது. ஓரிடத்தில் போட்டால் உயரத்தைக் கூட்டிக் காட்டும், இன்னோரிடத்தில் குறைத்துக் காட்டும். கடைசியில் வால்பக்கம் நகர்த்தியதும் சரியாகக் காட்டியது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் பறந்தோம். அக்காதான் ஓட்டினாள். ஏரி கீழே சின்னதாகிக்கொண்டே போகிறது, முள் மட்டும் தரையிலேயே நிற்கிறது.

"இன்னாடா, இது திரும்ப பேஜார் பண்ணுது" என்றாள் அக்கா.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் ஏரிக்கரையைக் கண்ணால் அளந்தே பத்திரமாக இறக்கினாள்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். துளைமேல் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

"யாருக்கா வெச்சது?"

"நான்தான். அவ்ளோ அலைய வுட்டு கடைசியில வழிக்கு வந்துச்சே, அதான் மொத பொட்டு அதுக்கு வெச்சேன்" என்றவள், முடிப்பதற்குள் சிரித்துவிட்டாள். நான் இறக்கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சுத்தமாகத் துடைத்துவிட்டு மறுபடி ஏறினோம். முள்ளும் கூடவே ஏறியது.

இப்போதும் முதல் பொட்டு அந்தத் துளைக்குத்தான், ஒரு விரல் தள்ளி. பாசம் வைத்தாலும் மூச்சுவிட இடம் விட்டு வைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்.