பெட்டியைக் கழற்றிக் கொடுத்த மாத்திரை

நுகர்வோர் வழக்கு நடத்தும் வக்கீலுக்கு எதிராளியால் வரும் தலைவலி குறைவு, சொந்தக் கட்சிக்காரரால் வருவதுதான் அதிகம். தொழிலில் இருக்கும் சக பாவிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெயர் சொல்லக்கூடாத மருந்து

வில்லாபுரத்து ஜெயந்தி, ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை விரித்துப் போடுபவர். கருத்தடை மாத்திரை சாப்பிட ஆரம்பித்த சில மாதங்களில் காலில் ரத்தம் உறைந்து வீங்கிவிட்டது. பிரசவத்தின்போதும் அவருக்கு அப்படி ஆகியிருந்தது; அப்படி ஆனவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாது. மாத்திரை கொடுத்த கிளினிக்கில் அதை யாரும் கேட்கவில்லை. நிற்க முடியாததால் வேலையும் போய்விட்டது. நஷ்டஈட்டு மனு எழுத உட்கார்ந்தேன். கூட வந்த கணவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"மேடம், வைட்டமின் மாத்திரைன்னு போட்ருங்களேன். தங்கச்சிக்கு மாப்ள பாத்துக்கிட்டு இருக்கோம்."

குமாஸ்தாவின் நாகரிகம்

எங்கள் குமாஸ்தா அண்ணே, பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் பொங்கல் வடைக்கு நடுவே வாசிக்கிற தைரியசாலி. அவர் அடித்துக் கொடுத்த மனுவில் 'கருத்தடை' வரவேண்டிய இடமெல்லாம் வெறும் கோடு. ஏன் என்று கேட்டேன்.

"லேடீஸ் வந்துபோற ஆபீஸும்மா இது. நீங்களே கையால எழுதிக்கங்க."

மானம் காக்கும் சேவை

'எச்சரிக்கையெல்லாம் மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சிட்டிருக்கிறதே' என்று வாதாடினார் கிளினிக்கின் வக்கீல். ஜெயந்தி அந்தப் பெட்டியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கிளினிக் மருந்துக்கடையில் பெட்டியையும் தாளையும் எடுத்துவிட்டு, மாத்திரை அட்டையை மட்டும் நியூஸ்பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டுத் தருவார்கள். வீட்டில் யார் கண்ணிலும் படக்கூடாதாம். என்ன ஒரு கரிசனம்! மாதாமாதம் வாங்கி வந்தவர் கணவர்தான் என்பதால் அவரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டேன். அவர் சொன்ன பதிலில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்புட்டுப் பேரு முன்னாடி நான் எப்பிடி மேடம் சொல்றது? காலு வீங்குனது அவளுக்குத்தான, அவளே சொல்லட்டும்."

கணீரென்று ஒரு குரல்

ஜெயந்தி சொன்னார். வழக்கு நடக்கும் நுகர்வோர் கமிஷனில் நாற்காலி போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து, 'கருத்தடை மாத்திரை' என்று பின்வரிசை வரை கேட்கச் சொன்னார். கணவர் வராண்டாவுக்கு நழுவினார். கிளினிக்கின் வக்கீல் இரக்கத்தோடு, "உங்க கௌரவத்துக்காகத்தானம்மா பெட்டியைக் கழட்டிக் குடுத்தாங்க?" என்றார். நான் மாதக்கணக்கில் நிரூபிக்கத் திணறியதை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தில் ஜெயந்தியின் பதிலைக் கேட்கவே மறந்திருப்பேன்.

"கௌரவம் வீட்டுல பத்திரமா இருக்கு சார். காலுதான் போச்சு."

தீர்ப்பு இன்னும் வரவில்லை. இந்த வழக்கில் வெட்கப்பட அத்தனை பேர் வந்தார்கள், வலி மட்டும் ஒரே ஆளுக்கு என்பதுதான் இதுவரை நான் கண்ட சட்ட நுணுக்கம்.