மூட்டையில் மல்லிகை

அட்டையில் கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு மேலே ஒரு சிவப்பு அம்பு ஏறிக்கொண்டிருந்தது. பின்னட்டையில் எங்கள் துறைத் தலைவர் கோட்டுப் போட்டுச் சிரித்தார். அருப்புக்கோட்டை வெயிலில் கோட்டுப் போடுகிறவர் யாரும் கிடையாது. ஸ்டுடியோவில் இரவல் வாங்கியதாக இருக்கும். புரட்டினேன். உள்ளே இருந்தது எங்கள் புத்தகம்.

வரிக்கு வரி எங்களுடையது. அத்தியாயத் தலைப்பு, அட்டவணை, நான் ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து வரைந்த வளைகோடுகள், எல்லாம் இருந்தன. எங்கள் பெயர்கள் இருந்த முதல் பக்கத்தை மட்டும் காணோம். எச்சில் இலையைத் தொட்டுவிட்டதுபோல் இருந்தது. கையைக் கழுவிவிட்டு வந்துதான் மறுபடி அதைத் தொட்டேன்.

நான் திருச்சுழிப் பக்கத்து ஆள். அப்பா லோடு ஏற்றுகிறவர். அம்மா களை வெட்டப் போனவர். இப்போது குத்தகைக்கு எடுத்த கொஞ்சம் கரிசலில் மல்லி போடுகிறார், குழம்புக்கு அரைக்கிற கொத்தமல்லி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போனதும் நான்தான். இன்று கல்லூரியில் நின்று பொருளாதாரம் நடத்துவதும் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் ஏதும் இல்லை. வேலை தற்காலிகம், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஆனால் கரும்பலகை முன்னால் நிற்கும்போது நான் தற்காலிகமாக நிற்பதில்லை.

தமிழ் வழியில் படித்த எங்களுக்கு அப்போது பாடப்புத்தகம் என்று ஒன்று கண்ணில் பட்டதில்லை. நூலகத்தில் இருந்தவை ஆங்கிலத்தில், பூட்டிய அலமாரிக்குள் இருந்தன. எங்கள் கையில் இருந்தது கைடு. கேள்வி, விடை, கேள்வி, விடை. அதில் எப்போதும் ஒருவர் ஆப்பிள் வாங்குவார். முதல் ஆப்பிளில் இவ்வளவு திருப்தி, இரண்டாவதில் இவ்வளவு, மூன்றாவதில் இவ்வளவு. எங்கள் ஊரில் ஆப்பிள் என்பது ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கக் கொண்டுபோகிற பழம். அதைத் திருப்திக்காக யாரும் அடுத்தடுத்துத் தின்று நான் பார்த்ததில்லை. புரியாமலே மனப்பாடம் செய்து எழுதினேன், முதல் வகுப்பில் தேறினேன்.

வேலைக்கு வந்த பிறகுதான் திறந்த பாடநூல் என்ற ஒன்று இருப்பது தெரிந்தது. வெளிநாட்டு ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து எழுதிய அறிமுகப் பொருளாதாரம். இணையத்தில் இலவசமாகக் கிடந்தது. அதன் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு நம்ப முடியாமல் மறுபடி படித்தேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், தங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றலாம், அச்சடித்து விற்கவும் செய்யலாம். ஒரே நிபந்தனைதான். யாரிடமிருந்து எடுத்தது என்று சொல்லிவிட வேண்டும்.

அப்படித்தான் ஆரம்பித்தோம். நானும் என் இறுதியாண்டு மாணவர்களும். நான் மொழிபெயர்ப்பேன், அவர்கள் படித்துவிட்டு, "மிஸ், இது வெளங்கல" என்பார்கள். விளங்கும்வரை மாற்றுவேன். ஆப்பிளைத் தூக்கி எறிந்தோம். அளிப்பு நெகிழ்ச்சி என்ற பாடத்துக்கு மல்லி வந்தது. விலை ஏறும்போது சரக்கை உடனே கூட்டிக் கொடுக்க முடிகிறதா என்பதுதான் அந்தப் பாடம். மல்லியைக் காயவைத்து மூட்டை கட்டி வீட்டில் போட்டுவிட்டு, விலை ஏறியதும் எடுத்து விற்கலாம். தக்காளியை அப்படி வைக்க முடியாது. இவ்வளவுதான் விஷயம். மூலையில் மல்லி மூட்டை அடுக்கிய வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு இதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை.

வேலை செய்த ஒவ்வொருவர் பெயரையும், மூல ஆசிரியர்கள் பெயருக்குக் கீழே முதல் பக்கத்தில் போட்டேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்ற அதே வரிகளையும் எழுதிவைத்தேன். ஒருத்தி அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வீட்டுச் சுவரில் ஒட்டினாள். அவள் வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

முதலாண்டுப் பாடத்துக்கு இதைப் பாடநூலாக வைக்கலாமா என்று துறைத் தலைவரிடம் கேட்டேன். நான் நீட்டிய தாள்கட்டை அவர் புரட்டவில்லை. ஓரத்தைப் பிடித்து எடை பார்த்தார்.

"என்ன வெலம்மா?"

"வெல இல்ல சார். போன்லயே எறக்கிக்கலாம்."

"ஓசி புக்கா?" என்று சிரித்தபடி நடுவில் ஒரே ஒரு பக்கத்தைப் பிரித்தார். "ஓசியில குடுத்தா எவன்மா மதிப்பான்? அப்புறம் இதென்ன, மல்லி, மூட்டை, கமிஷன் கடைன்னு. பாடப்புத்தகத்துல பேச்சுத் தமிழ் எதுக்கு? சரி, இந்த வருஷம் ஓட்டுங்க. பாப்போம்."

ஓசி. அந்தச் சொல்லை நான் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். பள்ளியில் கொடுத்த சைக்கிள் ஓசி, சீருடை ஓசி, மதியச் சோறு ஓசி. இப்போதும் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில் ஏறினால், "ஓசி டிக்கெட்டுக்கு சீட்டு வேற கேக்குதோ?" என்று நடத்துநர் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார். அதை நான் திருப்பிக் கொடுத்துப் பழகியவள். "உங்க பஸ்ஸா அண்ணே? சொல்லவே இல்லையே" என்றால் அடுத்த நிறுத்தம்வரை வாயைத் திறக்க மாட்டார். துறைத் தலைவரிடம் அப்படிப் பேச முடியவில்லை. புத்தகம் வகுப்புக்குள் போக வேண்டுமே.

போனது. ஒரு வருடம் நன்றாகவே போனது. பிள்ளைகள் போனிலேயே படித்தார்கள். போன் இல்லாதவர்கள் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் அந்தக் கண்ணாடிக் கட்டட அட்டை வந்தது. முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் வாங்க வேண்டும் என்று வகுப்பு வகுப்பாகச் சுற்றறிக்கை போனது. முன்னுரையில் அவர் எழுதியிருந்தார்: 'பேச்சு வழக்குச் சொற்கள் நீக்கப்பட்டு, நல்ல தமிழில் ஆக்கப்பட்டது.'

அந்த நல்ல தமிழ் என்னவென்று வகுப்பில்தான் தெரிந்தது. அளிப்பு நெகிழ்ச்சியை அவருடைய புத்தகத்திலிருந்து ஒரு மாணவியை வாசிக்கச் சொன்னேன். மல்லாங்கிணற்றிலிருந்து வருகிறவள், குரல் கணீரென்று இருக்கும்.

"விவசாயி மல்லிகையைக் காயவைத்து மூட்டை கட்டி வீட்டில் அடுக்குகிறார். சில மாதங்கள் கழித்து விலை ஏறும்போது மல்லிகை மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டு..." என்று வாசித்தவள் நிறுத்தினாள். "மிஸ், மல்லிகையா?"

வாங்கிப் பார்த்தேன். மல்லி இருந்த இடமெல்லாம் மல்லிகை. 'மல்லிகையை அடித்துத் தூற்றுதல்.' 'மல்லிகைத்தூள் ஆலைகளின் தேவை.' மல்லி என்றால் பேச்சு வழக்கு என்று நினைத்து, தட்டச்சுக் கடையில் ஒரே அழுத்தில் மாற்றச் சொல்லியிருக்கிறார். வேற்றுமை உருபுகள்கூடச் சரியாகப் பொருந்தி, ஒரு பிசிறு இல்லாமல் மாறியிருந்தது.

வகுப்பு சிரிப்பில் இடிந்து விழுந்தது.

"மிஸ், எங்க வீட்டுல நாலு மூட்ட மல்லிக கெடக்கு. தை மாசத்துல இருந்து கெடக்கு!"

"ஏலே, மூக்கப் பொத்திக்கிட்டுப் பிரிங்கலே!"

"ஏட்டி, உங்க ஆத்தா கொழம்புக்கு மல்லிகப்பூ அரைச்சுத்தான் ஊத்துறாகளா?"

நானும் சிரித்தேன். ஓய்வறைக்கு வந்து உட்கார்ந்த பிறகு சிரிப்பு போய்விட்டது. அவருக்கு மல்லி தெரியாமலா இருக்கும்? தினமும் கேரியரில் மல்லித் துவையல் கொண்டுவருகிறவர். தெரியாமல் செய்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவர் தன் பெயர் போட்ட புத்தகத்தை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

புத்தகத்தோடு அவர் அறைக்குப் போனேன். மல்லிகைப் பக்கத்தைக் காட்டினேன்.

"அச்சுப் பிழைம்மா. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

"எங்க பேரு இருந்த பக்கமும் அச்சுப் பிழையா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திறந்த புத்தகம்னு நீங்கதானம்மா சொன்னீங்க. தெறந்து கெடந்தா யாரு வேணா உள்ள வரலாம்ல?"

"வரலாம் சார். உக்காரலாம், சாப்பிடலாம். வித்துக்கக்கூடச் செய்யலாம். வாசல்ல எழுதியிருக்கிற பேரச் சுரண்டக் கூடாது."

"சரி, கோவப்படாதீங்க. அடுத்த பதிப்புல நன்றின்னு போட்டு, தட்டச்சு உதவின்னு உங்க பேரையும் சேத்துருவோம். சந்தோஷமா?"

தட்டச்சு உதவி. வெளியே வந்து பக்கத்து மேசை ஆசிரியையிடம் சொன்னேன். அவர் என்னைவிட மூத்தவர், நல்லவர். "இதுக்குத்தான் அப்பவே சொன்னேன், ஓசியில போடாதன்னு. பேசாம அதுக்குப் பூட்டுப் போட்டு ஒரு வெலய வையி. ஒருத்தனும் தொட மாட்டான்" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். பூட்டிய அலமாரி எனக்கு நினைவுக்கு வந்தது. 

அடுத்த வாரம் உள்தேர்வு. கேள்வித்தாள் அவர் எடுப்பது. இந்தத் தேர்வோடு பிள்ளைகள் எந்தப் புத்தகத்தின் பக்கம் போவார்கள் என்பது முடிவாகிவிடும் என்று எனக்குத் தெரியும். இங்கே எந்தப் புத்தகத்திலிருந்து கேள்வி வருகிறதோ அதுதான் புத்தகம். அந்த மல்லாங்கிணற்றுப் பிள்ளை எழுந்து நின்றாள். இந்தத் தடவை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

"மிஸ், மார்க்குக்கு எத எழுத?"

நான் படித்த காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டியிருந்ததில்லை. கைடு சொன்னதை எழுதினோம். அவள் கேட்டுவிட்டாள். அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேள்வியில மல்லிகைன்னு வந்தா அடிச்சுட்டு மல்லின்னு எழுதி, அதுக்குக் கீழ விடையை எழுதுங்க. திருத்துறது நான்தான்" என்றேன்.

வந்தது. 'மல்லிகையைச் சேமித்து வைக்கும் விவசாயியின் அளிப்பு நெகிழ்ச்சியை விளக்குக.' விடைத்தாள்களில் பெரும்பாலானோர் அடித்து எழுதியிருந்தார்கள். சிலர் பயந்துகொண்டு மல்லிகை என்றே எழுதியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒருவன் இரண்டையும் எழுதி, 'பொருத்தமானதை எடுத்துக்கொள்ளவும்' என்று அடைப்புக்குறி போட்டிருந்தான். அவன் பெரிய அதிகாரியாக வருவான்.

திருத்திய தாள்களைப் பார்த்துவிட்டுத் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "கேள்வித்தாளையே திருத்துதுகளா பிள்ளைக? நீங்க சொல்லிக் குடுத்ததா?"

"ஆமா சார்."

விஷயம் கல்லூரி முதல்வர் காதுக்குப் போய்விடும் என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் அந்தக் கேள்வி ரத்தானது. எழுதியவர், எழுதாதவர், பூவை மூட்டை கட்டியவர் எல்லோருக்கும் முழு மதிப்பெண். யாரும் தவறு செய்யவில்லை என்று ஆகிவிட்டது. கூடவே இரண்டாம் பதிப்பு வரும் என்றும், பழைய பதிப்பு செல்லாது என்றும் பலகையில் ஒட்டினார்கள். முதல் பதிப்பை வாங்கின பிள்ளைகள் மறுபடியும் வாங்க வேண்டும்.

மறுநாள் வராந்தாவில் என்னை நிறுத்தினார். குரல் பாகாக உருகியது.

"ஏம்மா, அந்த மல்லி விஷயத்த மட்டும் திருத்தி எனக்கு ஒரு ஃபைல் அனுப்பிருங்களேன். நீங்கன்னா கரெக்டா பண்ணுவீங்க."

கேட்க எப்படித்தான் மனம் வந்ததோ. ஆனால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. வேலைக்காகப் பயந்தேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், காரணம் அது இல்லை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று எழுதிவைத்தது நான். அந்த யார் வேண்டுமானாலும் என்பதில் இந்த மனிதரும் சேர்த்திதான். இவருக்காக மூடினால் மல்லாங்கிணற்றுப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் மூட வேண்டும்.

"இருந்த எடத்துலயேதான் இருக்கு சார். எறக்கிக்கங்க" என்றேன்.

ஆனால் அந்த வாரக் கடைசியில் மாணவர்களோடு உட்கார்ந்து புத்தகத்தை ஒரு தடவை முழுக்க மாற்றினேன். பெயர்கள் இப்போது முதல் பக்கத்தில் மட்டும் இல்லை. ஒவ்வோர் உதாரணத்துக்குள்ளும் அதைக் கொடுத்த பிள்ளையின் பெயர் இருக்கிறது. மல்லியை மூட்டை கட்டுவது இனிமேல் 'ஒரு விவசாயி' கிடையாது. பெயரும் ஊரும் வகுப்பும் சொல்லி, இன்னாருடைய அப்பா. காரியாபட்டிச் சந்தையில் விலை கேட்பது இன்னாருடைய அக்கா. அட்டவணையில், கணக்கில், வளைகோட்டின் அடியில், வாக்கியத்துக்கு நடுவில், எங்கும் அவர்கள்தான்.

இதையெல்லாம் ஒரே அழுத்தில் மாற்ற முடியாது. அழிக்க வேண்டுமானால் அவர் புத்தகத்தை முழுசாகப் படித்தாக வேண்டும்.