நீர்மோருக்குப் போன நீல ஐஸ்

கடலூர் துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஐஸ் ஆலையின் பணியாளர் அட்டையில் பக்கிரியைப் பற்றி இப்படி அச்சடித்திருந்தது: “பனிக்கட்டிப் பிரிவு உதவியாளர். மீன் குளிரூட்டலுக்கான தயாரிப்பு மட்டும். மனிதர் உட்கொள்ளும் எப்பொருளுடனும் இவருக்குத் தொடர்பில்லை.”

இதை எழுதியவர் ஆனித் திருமஞ்சனத் தேர் பார்க்கச் சிதம்பரம் போனவராக இருக்க முடியாது. போயிருந்தால், தெற்கு வீதி நீர்மோர்ப் பந்தலில் நடராசர் படத்துக்குக் கீழே “ஐஸ் உபயம்: மச்சான் பக்கிரி, கடலூர்” என்று பேனர் தொங்குவதைப் பார்த்திருப்பார். ஒரு தம்ளர் வாங்கிக் குடித்தும் இருப்பார். வடம் பிடித்துக் களைத்த பாதி ஊரின் தொண்டைக்குள் வருடா வருடம் இறங்கியது, மனிதர் உட்கொள்ளும் எதனுடனும் தொடர்பில்லாத பக்கிரியின் ஐஸ்தான்.

பந்தல் போடுபவர் பக்கிரியின் அக்கா ராஜாமணியின் கணவர் நடனசபாபதி. சிதம்பரத்தில் கயிறும் தார்ப்பாயும் விற்கிறார். கல்யாணமான புதிதில், “பொறந்த ஊட்டு சீருன்னு வேற எதுவும் வேணாம் மச்சான், பந்தலுக்கு ஐஸ் மட்டும் அனுப்பு” என்று அவர் சொல்லிவிட, அதுவே வழக்கமாகிவிட்டது. மற்ற வீடுகளில் பித்தளையும் பட்டும் சீராகப் போகும். அவை போகிற வழியில் எடை குறைவதில்லை. பக்கிரியின் சீர் உமியிலும் சாக்கிலும் புதைந்து புறப்பட்டு, வழியெல்லாம் ஒழுகி, ஒரு சுற்று இளைத்துத்தான் போய்ச் சேரும். ஆனாலும் அவர் பெயர் அச்சில் வரும் இடம் உலகத்தில் அது ஒன்றுதான். பணியாளர் அட்டையும் இருக்கிறதே என்றால், அதை யார் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் வைப்பார்கள்?

போன வருடம் தேர் முடிந்த கையோடு தெற்கு வீதியில் பலருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. ராஜாமணியின் மகள் சுவாதியைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். நடனசபாபதி உடனே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். பக்கத்துப் பந்தல் சாம்பார் சாதம்! அந்தப் பந்தல்காரரோடு சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டு, பேச்சுவார்த்தையும் நின்றுபோனது. ஐஸை யாரும் சந்தேகிக்கவில்லை. அவ்வளவு சில்லென்று இருக்கும் ஒன்றில் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும் என்பது ஊரின் தீர்ப்பு. பக்கிரியின் தீர்ப்பும் அதுவே.

இந்த வருடம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போனதும், உணவுப் பாதுகாப்பு அலுவலர் சினேகா ஆலைக்கு வந்தார். மீனுக்கான ஐஸ் மனிதர் தின்னும் ஐஸோடு கலந்துவிடாமல் இருக்க, அதில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்பது விதி. முதலாளி விதியை மதிப்பவர். அலுவலர்கள் வந்தால் காட்டுவதற்கென்று ஒரே ஒரு நீல ஐஸ் பார் எப்போதும் மூலையில் தயாராக இருக்கும். சாய டப்பாவில் பாக்கியெல்லாம் அப்படியே இருந்தது.

சினேகா ஆட்களைக் கூட்டி வைத்துப் பேசினார்.

“ஐஸுல கிருமி செத்துடும் மேடம்,” என்றார் பக்கிரி.

“சாவாதுங்க. நெறைய கிருமி சும்மா கெடக்கும். கரைஞ்சா எழுந்துக்கும்.”

“நம்ம ஆளுங்க மாதிரியா மேடம்? மொதலாளி தலை தெரிஞ்சா எழுந்துக்குமே, அப்புடி?”

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. பக்கிரி நம்பவில்லை. நம்பவில்லை என்பதற்கு அடையாளமாக, வெளியே வரும்போதே அரவை இயந்திரத்தடியில் கிடந்த ஓர் ஐஸ் சில்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இத்தனை வருடமாக அப்படித்தான் தின்கிறார். அவர் வயிற்றுக்கு ஒன்றும் ஆனதில்லை. கிருமிகளுக்கு என்ன ஆயிற்றோ.

ஆனால் சினேகா போகும்போது, ஐஸுக்குத் தண்ணீர் எடுக்கும் தொட்டியைக் கழுவி மூடி போடச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வேலை பக்கிரி தலையில் விழுந்தது. தொட்டிக்கு மூடி என்று ஒன்று எந்தக் காலத்தில் இருந்தது என்று யாருக்கும் நினைவில்லை. துறைமுகத்துக் காக்கைகள் ஏலக்கூடையில் திருடிய மீனைத் தூக்கிவந்து, அந்தத் தொட்டித் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தின்னும். பக்கிரி அதை ரசித்துப் பார்த்தவர். “உப்பு வேணான்னு கழுவித் துன்னுது பாரு” என்று மற்றவர்களுக்கும் காட்டியிருக்கிறார். இப்போது தண்ணீரை வடியவிட்டு உள்ளே இறங்கினார். அடியில் கணுக்கால் புதையும் கறுத்த சேறு. அதில் இறகுகள், முட்கள், எச்சம், பாதி கரைந்த மத்தித் தலைகள். மீனுக்குப் போகும் ஐஸ்தானே, மீன்தலை கிடந்தால் என்ன என்று நினைத்துச் சேற்றை வாரினார். வாரிக்கொண்டே இருந்தவருக்குச் சட்டென்று சுவாதியின் கை ஞாபகம் வந்தது. டிரிப்ஸ் ஊசி குத்திய கை. “மாமா, ஒங்க ஐஸு போட்ட மோர் எனக்கு ரெண்டு தம்ளர்” என்று போன வருடம் நீட்டிய கையும் அதுதான்.

மேலே ஏறி வந்ததும் நடனசபாபதிக்குப் போன் போட்டார்.

“மாமா, இந்த வருசம் ஐஸு வேணாம்.”

“ஏன் மச்சான், சீரக் கொறைக்கலாம்னு பாக்குறியா?”

“தொட்டி நல்லால்ல மாமா. போன வருசம் பாப்பாவுக்கு ஆனது…”

“அது சாம்பார் சாதம்! ஊருக்கே தெரியும். நான் மோருக்குக் கேன் தண்ணிதான் ஊத்துறேன், அவ்ளோ சுத்தம். அதுல ஐஸு போட்டா இன்னும் சுத்தம்.”

“அந்தத் தொட்டியவே இப்பதான் மொத மொதல்ல கழுவிருக்கு மாமா…”

“கழுவிட்டியா? அப்பறம் என்னா? பேனர் அடிச்சாச்சு மச்சான். ஒன் பேர இந்த வாட்டி செவப்புல போட்டிருக்கேன். நீ குடுக்கலன்னா நான் மொதலாளிகிட்டயே வாங்கிக்குவேன். அப்பறம் அக்கா மூஞ்சில நீ எப்புடி முழிக்கிறன்னு பாக்குறேன்.”

போன் வைக்கப்பட்டது. கழுவிய தொட்டியைக் காக்கைகள் அதற்குள் வந்து பார்த்துவிட்டன. மூடி இன்னும் வரவில்லை; முதலாளி சொல்லிவிட்டிருக்கிறாராம். பக்கிரி ஒரு சில்லைக் கையில் எடுத்தார், வாயருகே கொண்டுபோனார், கீழே போட்டுவிட்டார்.

தேருக்கு முந்தின நாள் வண்டி வந்தது. சிதம்பரத்துக்கென்று தனியாக உறையவைத்திருந்த பார்களைப் பக்கிரி தானே சாக்கில் சுற்றி, உமி கொட்டி ஏற்றினார். வேறு யாரையும் தொடவிடவில்லை. சீர் என்றால் அப்படித்தான் என்று வண்டிக்காரர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை தெற்கு வீதியில் நடனசபாபதி சாக்கைப் பிரித்தார். உள்ளே இருந்தது பொங்கலுக்குச் சுவரில் அடித்த வண்ணம் மாதிரி நல்ல நீலம். அடுத்த சாக்கும் நீலம். அதற்கடுத்ததும். தேர் கிளம்பிவிட்டது, வேறு ஐஸ் தேட நேரமில்லை. பேனரில் சிவப்பு எழுத்தில் பக்கிரி, கீழே நீலத்தில் அவர் உபயம். வடம் பிடிக்க வந்தவர்கள் நின்று படம் எடுத்தார்கள். பக்கத்துப் பந்தல்காரர் ஒரு வருடத்துக்குப் பிறகு வாய் திறந்து, “என்னா சபாபதி, மோருக்கு சொட்டு நீலமா?” என்று கேட்டார். அன்று மோர் ஐஸ் இல்லாமலே ஊற்றப்பட்டது. ஜனங்கள் குறை சொல்லிக்கொண்டே குடித்தார்கள். மறுபடியும் வரிசையில் வந்து நின்றார்கள்.

முதலாளிக்குக் கோபம்தான். ஆனால் பக்கிரியை என்ன சொல்வது? அந்த ஆலை அதுவரை அனுப்பியதிலேயே விதிப்படி சரியான சரக்கு அது ஒன்றுதான்.

சாயங்காலம் ராஜாமணி போன் செய்தாள்.

“ஏன்டா, சந்தி சிரிக்க வெச்சிட்டியேடா. அவுரு ஒன் பேரச் சொன்னாலே குதிக்கிறாரு.”

“குதிக்கட்டும்க்கா.”

ராஜாமணி குரலைத் தாழ்த்தினாள். “எங்கிட்ட மட்டும் சொல்லு. போன வருசம் பாப்பாவுக்கு வந்தது ஐஸாலதானா?”

“தெரியலக்கா,” என்றார் பக்கிரி. உண்மையிலேயே தெரியாது. இந்த வருடம் தெற்கு வீதியில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது எதையும் நிரூபிக்கவும் இல்லை. நடனசபாபதி இன்னமும் சாம்பார் சாதம் என்றுதான் சொல்கிறார். அடுத்த வருடப் பேனருக்கு ஐஸ் உபயம் என்ற வரியே வேண்டாம் என்று அச்சகத்தில் இப்போதே சொல்லி வைத்துவிட்டாராம்.

இந்த வருடம் சிதம்பரத்துக்குப் போன ஐஸ் உறைவதற்கு முன்பே, பக்கிரிதான் அந்தத் தண்ணீரில் நீலச் சாயத்தை ஊற்றியிருந்தார்.