பிள்ளையாரை எந்தக் கையால் வைப்பது

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், கல்யாண அழைப்பிதழ் அடிக்கும் கடையில் கணினியில் டிசைன் போடுவது என் வேலை. ஒருநாள் மவுஸ் பிடித்த வலது மணிக்கட்டு, இனி முடியாது என்று உட்கார்ந்துவிட்டது. தேங்காய்ப்பூவைப் பிழிந்து பால் எடுக்க முடியவில்லை. தலை சீவ முடியவில்லை. அழுகை அழுகையாக வந்தது.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் மிஸ், நான் மேசையில் உட்காரும் விதத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். மவுசை எட்டிப் பிடிக்காமல் பக்கத்தில் வை, மணிக்கட்டை மடக்காமல் முழங்கையோடு சேர்த்து நகர்த்து, அரை மணிக்கொரு தடவை எழும்பி விரல்களை நீட்டி மடக்கு, கொஞ்ச நாளைக்கு மவுசை இடது கைக்கு மாற்று என்றார்.

நான் எழும்பி விரல்களை விரித்து மூடுவதைப் பார்த்த முதலாளி, ஈ பிடிக்கிறாயா என்று கேட்டார். ஆவணி முகூர்த்தத்தில் ஓர் ஓடர் கைவிட்டுப் போனாலும் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்றும் சொன்னார். மனுசன் சொன்னால் செய்வார். மவுசை இடது கைக்கு மாற்றி, ஆமை மாதிரி வேலையை நகர்த்தினேன்.

அந்த வாரமே மடுல்சீமையிலிருந்து ஓர் அக்கா, மகள் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் அடிக்க வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், நான் உச்சியில் பிள்ளையார் படத்தை வைக்கப்போகும் நேரம் என் இடது கையைக் கவனித்துவிட்டார்.

“ஏம் புள்ள, புள்ளையார நொட்டாங்கையாலயா வைக்கிற? கல்யாணம் வெளங்குமா?”

முதலாளி எட்டிப் பார்த்தார். அக்கா எழும்பிப் போனால் என் வேலையும் போச்சு. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: இந்தக் கடையில் பிள்ளையாரைக் கல்யாண வீட்டுக்காரர்தான் வைக்க வேண்டும், நான் சும்மா இடம் பார்த்தேன். பச்சைப் பொய். மவுசை வலது பக்கம் மாற்றி நாற்காலியையும் கொடுத்தேன். அக்கா முந்தானையில் கையைத் துடைத்து, கும்பிட்டு, பிள்ளையாரைத் திரை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றவிட்டு உச்சியில் இறக்கினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அவ்வளவு நேரமும் விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தேன்.

கதை தேயிலைத் தோட்டங்களில் லயத்துக்கு லயம், வீட்டுக்கு வீடு பரவியது. பூனாகலையிலிருந்தும் தெமோதரையிலிருந்தும் வந்தவர்கள், புள்ளையார நாங்கதானே வைக்கணும் என்று கேட்டுக்கொண்டே படியேறினார்கள். ஆளுக்குக் கால் மணி நேரம். என் கைக்கு நல்ல ஓய்வு. கடையில் கூட்டம் என்பதால் முதலாளியும் வேறு ஆள் பேச்சை விட்டுவிட்டார்.

தை மாதம் அவர் மகளுக்கே கல்யாணம். அழைப்பிதழில் பிள்ளையாரை வைக்க, என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து மவுசை இறுக்கிப் பிடித்தார். பிள்ளையார் மாப்பிள்ளையின் அப்பா பெயர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். இழுத்தால் மண்டப விலாசத்தில் விழுந்தார். முதலாளிக்கு வியர்த்துவிட்டது.

“நீயே வை,” என்று எழும்பினார்.

“எந்தக் கையால முதலாளி?”

“எந்தக் கையாலயாவது வை. நீ வச்சாத்தான் சரியா நிக்கும்.”

வலது மணிக்கட்டு எப்போதோ சுகமாகியிருந்தது. இருந்தும் மவுசை இடது பக்கம் மாற்றித்தான் பிள்ளையாரை வைத்தேன்.